நஞ்சுக் கலங்களின் காப்பும் கழிப்பும்

சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் பூச்சிமருந்துக் கலம் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. எத்தனை வந்தன, எவருக்கு விற்கப்பட்டன என்பதைத் தணிக்கையில் சரிபார்க்கிறோம். ஆனால், மருந்து தீர்ந்தபின் அக்கலம் எங்கே போயிற்று என்பதற்குக் கணக்கு இல்லை. பல வீடுகளில் அது மண்ணெண்ணெய்க்கும் விதைக்கும், சில வேளைகளில் குடிநீருக்குமே பயன்படக் காண்கிறோம்.

இதன் தீங்கு சிறிதன்று. 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. மருந்திருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் எனக் கருதப்பட்டது.

ஆதலின் அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய விதி இரண்டு. நஞ்சு தன் கலத்தையும் சீட்டையும் விட்டு நீங்கலாகாது. அக்கலம் மீண்டும் வீட்டுப் புழக்கத்திற்கு வரலாகாது.

உழவர்களுக்கு: மருந்துச் சீட்டிலுள்ள சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும்; மஞ்சள், நீலம், பச்சை என முறையே கடுமை குறையும். பச்சையும் நஞ்சே என்பதை மறத்தல் கூடாது. மருந்து தீர்ந்ததும் கலத்தில் காற்பங்கு நீர் விட்டு, மூடிக் குலுக்கி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுக. இவ்வாறு மும்முறை செய்க. பின்னர் கலத்தைத் துளையிட்டு உடைத்துவிடுக. கலங்களை மறுபடி பயன்படாதவாறு உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டுமென்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. எரித்தலும், கிணறு வாய்க்கால்களில் எறிதலும் தகா.

நெசவாளர்களுக்கு: சாயமிடப் பயன்படும் காஸ்டிக் சோடா பார்வைக்கு உப்பை ஒத்தது, கரைத்தாலோ தண்ணீரை ஒத்தது. அதனைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைத்தல் கூடவே கூடாது. கரைக்கும்போது நீரிலே சோடாவைச் சிறிது சிறிதாக இடுக. சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். உலர்ந்த இடத்தில் இறுக மூடி வைக்க. பிளீச்சிங் பவுடருடன் அமிலம் கலந்தால் மூச்சையடைக்கும் குளோரின் வாயு எழும். இரண்டையும் தனித்தனியே வைக்க.

கண்ணில் சோடா தெறித்தால் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் தூய நீரால் கழுவி, உடனே மருத்துவமனை செல்க. விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யலாகாது; புளி, எலுமிச்சை முதலியன கொடுத்தலும் கூடாது. எந்த நஞ்சாயினும் அதன் சீட்டை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இவை தனியொருவர் முயற்சியால் முற்றும் நிறைவேறா. மருந்து விற்கும் ஒவ்வொரு சங்கமும் விற்பனைப் பதிவேட்டில் "காலிக் கலம் திரும்பியது" என்றொரு பத்தி சேர்க்கலாம். திரும்பிய கலங்களைக் குழந்தைகள் அணுகாத பூட்டிய அறையில் சேர்த்து, வேளாண்மை அலுவலரைக் கலந்து ஒருங்கே கழிக்கலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செலவு ஒரு பூட்டும் ஒரு பத்தியுமே. காக்கப்படுவது நம் குழந்தைகளின் உயிர்.