சாதிச் சான்றிதழும் அதன் மெய்ம்மைச் சோதனையும்



ஐதராபாத்து நகரைச் சார்ந்த குகட்பள்ளியிலும், அதனை அடுத்த பாலாநகர், சனத்நகர் தொழிற்பேட்டைப் பகுதிகளிலும் பிழைப்பு நாடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உள. அக்குடும்பத்துப் பிள்ளைகள் கல்லூரி வாயிலை அடையும்போது, “தமிழ்நாட்டில் தாசில்தார் எம் தந்தைக்கு அளித்த சாதிச் சான்றிதழ் இங்கே செல்லுமா? செல்லாதெனில் ஏன்?” என்னும் வினா எழுகின்றது. விடையறியாது இடம் இழந்தாரும், தவறாக இடம்பெற்றுப் பின்னர் அதனைத் துறக்க நேர்ந்தாரும் உண்டு. ஆதலின் இதனை முறையாக ஆராய்வோம்.

1. சான்றிதழ் என்பது யாது?

ஆலையில் நூற் சிட்டத்தின்மேல் “40-ஆம் நம்பர்” என்று சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டை மட்டும் நம்பி நூலை ஏற்பாரில்லை. 120 கஜம் நூலைச் சுற்றியெடுத்து, நிறுத்துப் பார்த்தே நம்பரைத் துணிவர். இரண்டும் ஒவ்வாவிடின் தள்ளப்படுவது சீட்டேயாம். சாதிச் சான்றிதழும் அத்தகைய சீட்டே. அது உரிமையைப் பிறப்பிப்பதன்று. முன்னரே உள்ள உரிமையை எடுத்துக்காட்டுவது.

அவ்வுரிமையின் ஊற்று அரசியற் சட்டத்தின் 341-ஆம் பிரிவாகும். அதன்படி 1950 ஆகஸ்டு 10-இல் இராஷ்டிரபதியின் ஆணை வெளியாயிற்று. இந்து மதத்தினர் அல்லாதார் அட்டவணைச் சாதியினர் ஆகார் என்று அவ்வாணை வகுத்தது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கருடன் தன்மம் தழுவியோர்க்கு, இவ்வுரிமை மீண்டும் கிட்ட 34 ஆண்டுகள் சென்றன என்பதை நினைவிற் கொள்க.

2. எந்த மாநிலத்துப் பட்டியல்?

341-ஆம் பிரிவு, பட்டியலை ஒவ்வொரு மாநிலத்தையும் பொறுத்தே வகுக்கச் சொல்கின்றது. தெலங்காணாப் பட்டியலில் ஆதி திராவிடர் என்னும் பெயர் உண்டு. அரவ மால என்னும் பெயரும் உண்டு. அரவம் என்பது தெலுங்கர் தமிழுக்கு இட்ட பெயர். இவற்றைக் கண்டு, “எம் பெயர் ஈண்டும் உளதே, இனி என்ன தடை?” என்பார் உளர்.

தடை யாதெனில் கூறுவோம். ஆந்திரத்தில் பழங்குடியாகக் கொள்ளப்பட்ட ஒரு வகுப்பைச் சேர்ந்த மாணவர், தந்தையின் உத்தியோகத்தால் பம்பாய்க்குச் சென்று, அங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கோரினார். 1990 மே 2-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐவர் அமர்வு அதனை மறுத்தது. ஒரு மாநிலத்தில் ஒரு வகுப்பாருக்கு நேர்ந்த தாழ்வு, வேறு மாநிலத்தில் அதே அளவினதாய் இருக்கவேண்டுவதில்லை என்பது காரணம். இரு பட்டியல்களிலும் ஒரே பெயர் இருப்பினும் முடிவு இதுவே என்று 1994-இல் மற்றோர் ஐவர் அமர்வு தெளிவாக்கியது.

ஆகவே 1950 ஆகஸ்டு 10-க்குப் பின்னர்த் தமிழ்நாட்டினின்று வந்த குடும்பத்தார், தெலங்காணா அரசின் ஒதுக்கீட்டைக் கோரவியலாது. பிள்ளை குகட்பள்ளியிலேயே பிறந்திருப்பினும், அந்நாளில் பெற்றோரது நிலைத்த குடியிருப்பு எங்கிருந்தது என்பதே கேள்வி. அந்நாளுக்கு முன்னரே ஈண்டு நிலைத்திருந்தோர், அதனைப் பத்திரங்களால் மெய்ப்பித்து இம்மாநிலப் பட்டியலின்கீழ் வரலாம். பின் வந்தோரும் முற்றும் உரிமையற்றவர் அல்லர். மத்திய அரசின் அகில இந்தியப் பணிகளில் அவர்தம் உரிமை நிற்கும். தந்தைக்குச் சொந்த மாநிலம் அளித்த சான்றிதழைக் காட்டி, குடிபெயர்ந்தோர்க்குரிய சான்றிதழை இங்குள்ள அதிகாரியிடம் பெறுதல் கூடும்.

3. சோதனை எவ்வாறு நிகழும்?

ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் இயற்றிய 1993-ஆம் ஆண்டின் 16-ஆம் சட்டம் தெலங்காணாவிலும் வழக்கிலுள்ளது. மெய்ப்பிக்கும் பாரம் விண்ணப்பித்தவர் மீதே உளது என்பது அதன் உயிர்நாடி. குகட்பள்ளி மண்டலம் 2016 முதல் மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கே தாசில்தார் வழங்கிய சான்று பொய்யெனக் கண்டால், விசாரணை நடத்தி அதனை ரத்துச் செய்யும் அதிகாரம் மாவட்டக் கலெக்டருக்கு உண்டு.

1994 செப்டம்பர் 2-இல், மகாராட்டிரத்து வழக்கொன்றில், சுப்ரீம் கோர்ட்டு இந்நாடு முழுமைக்கும் 15 நெறிகளை வகுத்தது. மூன்று அதிகாரிகள் அடங்கிய ஆய்வுக் குழு அமைதல் வேண்டும். அதன் துணையாகப் போலீசுப் பிரிவொன்று இருத்தல் வேண்டும். இன்ஸ்பெக்டர் சொந்த ஊருக்கே சென்று பள்ளிப் பதிவையும் பிறப்புப் பதிவையும் பார்த்தல் வேண்டும். அறிக்கை எதிரானதாயின், நோட்டீசு கொடுத்து விடை கேளாமல் தீர்ப்பளித்தல் ஆகாது. 2011-இல் அக்கோர்ட்டு, சுதந்திரத்திற்கு முற்பட்ட பத்திரங்களுக்கு மிகுந்த மதிப்புண்டு என்றும் கூறிற்று.

எனவே பாட்டனாரின் பள்ளிச் சான்று, நிலப் பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றின் நகலை இன்றே பெற்று வைத்திடுக. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் நாளில், மதம், சாதி என்னும் இரு கட்டங்களையும் மெய்யாக நிரப்புக. “பௌத்தம்” என்றெழுதிச் சாதிக் கட்டத்தை வெறுமையாய் விட்டால், பிற்காலத்தில் அவ்வெறுமையே எதிர்ச்சாட்சியாய் வந்து நிற்கலாம்.

4. எண்ணமும் விளைவும்

“யான் அறியாமற் பெற்றேன், வஞ்சகம் செய்திலேன்” என்பார்க்கு விடை யாது? எண்ணமே வினை என்று பகவன் போதித்தார். குற்றவியல் தண்டனையில் சட்டமும் எண்ணத்தைப் பார்க்கின்றது. ஆயின் 2017 ஜூலை 6-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியவாறு, சான்று தவறென்று முடிவானால், எண்ணம் தூயதாயினும் அதனாற் பெற்ற இடமும் பதவியும் நீங்கும். ஏனெனில் அவ்விடம் மற்றொரு பிள்ளைக்குரியது. நம் அறியாமையால் அப்பிள்ளையின் இழப்பு குறைந்துவிடாது. கொடாததை எடாமை என்னும் இரண்டாம் சீலம் இங்கே நேராகப் பொருந்துகின்றது.

சாதியைத் துறந்தோர் சாதியை எழுதுவது முரணன்றோ எனின், அன்று. நோயின் பெயரை மருத்துவன் எழுதுவது அதனைப் போற்றுதற்கன்று. நம் முன்னோர்க்கு இழைக்கப்பட்ட தீங்கின் பெயரையே அத்தாள் தாங்கி நிற்கின்றது. அத்தீங்கு ஒழியும் நாள்வரை, அதனை மெய்யாக எழுதுவோம். உரியவர் மட்டுமே பெறுமாறு காப்போம்.