மேட்டில் கழிவணை, பள்ளத்தில் ஊர்: கண்காணிப்பது எப்படி?

ஏரிக்கரை பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சுரங்கக் கழிவணையும் ஒரு மண்கரைதான். ஆனால் ஏரிக்கரையைக் கட்டி முடித்துவிடுகிறார்கள். கழிவணையோ சுரங்கம் ஓடும் காலமெல்லாம் உயர்ந்துகொண்டே போகிறது. உள்ளே இருப்பதும் வெறும் தண்ணீர் இல்லை. தாதுவை அரைத்துப் பிரித்த பிறகு மிஞ்சிய மாவுச் சேறு. உறைந்த தயிர்ப் பானையைக் குலுக்கினால் என்ன ஆகுமோ, நீர் ஊறிய அந்தச் சேற்றுக்கும் அதுவே ஆகலாம்: கட்டியாக நின்றது நொடியில் குழம்பாகி ஓடும்.

இத்தாலியின் ஸ்தாவா பள்ளத்தாக்கில், 1985 ஜூலை 19 அன்று, ஒரு ஃபுளோரைட் சுரங்கத்தின் இரண்டு கழிவணைகள் அடுத்தடுத்து உடைந்து 268 பேர் இறந்தார்கள். 1974-லேயே அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த தெசேரோ ஊர் நிர்வாகம், 'இந்த அணைகள் நிற்குமா?' என்று அரசைக் கேட்டிருந்தது. சோதிக்கும் வேலையைச் சுரங்கத் துறை அந்தச் சுரங்க நிறுவனத்திடமே கொடுத்தது. 'பயமில்லை' என்றே ஊருக்குப் பதில் வந்தது. கீழே சொல்லப்போகும் வேலைகள் எல்லாம் அப்படி ஒரு பதிலை வாங்கிக்கொண்டு சும்மா வீட்டுக்குத் திரும்பாமல் இருப்பதற்காகத்தான். ஜார்க்கண்டின் ஜாதுகுடா, ஆந்திராவின் தும்மலபள்ளி யுரேனியச் சுரங்கங்களை ஒட்டிய ஊர்களுக்கு மட்டுமல்ல, அனல் மின் நிலையச் சாம்பல் குளங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் காகிதம்

அணையைப் பார்க்கப் போகும் முன் அதன் சாதகத்தை வாங்குங்கள். உயரம் என்ன, இன்னும் எவ்வளவு உயர்த்தப் போகிறார்கள், அடியில் கசிவுத் தடுப்பு விரிப்பு உண்டா, எந்த முறையில் உயர்த்துகிறார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு புதிய கரையையும் பழைய கழிவின் மேலேயே உட்காரவைத்து, குளத்தின் உட்பக்கமாக நகர்த்திக்கொண்டே போகும் முறை மலிவானது. ஆபத்தும் அதில்தான் அதிகம். ஸ்தாவா அப்படிக் கட்டியது. 2019-ல் பிரேசிலின் புருமாதினியோவில் 270 பேரைக் கொன்றதும் அப்படிக் கட்டியதே. அதற்குப் பிறகு பிரேசில் அந்த முறையைத் தடை செய்தது. நிலநடுக்க நாடான சிலி வெகுகாலம் முன்பே தடை செய்துவிட்டது.

இந்தியாவில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கம், நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுப் போடுங்கள். சுரங்கப் பாதுகாப்பு பற்றியது என்றால் தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்கு. 'நிறுவனம் தனியார்' என்று அதிகாரிகள் கையை விரிக்க முடியாது. அரசு அலுவலகத்தின் கோப்பில் இருப்பதைத்தான் கேட்கிறீர்கள். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, கோப்புகளை நேரில் போய்ப் பார்வையிடவும் உரிமை தருகிறது. நகல் கேட்டுக் காத்திருப்பதைவிட ஒரு நாள் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுவது பல நேரம் அதிகம் சொல்லும்.

பிறகு கரை

அனுமதி பெற்றுப் போங்கள், இரண்டு பேராகவாவது போங்கள். குளத்துக்குள் காய்ந்து வெடித்துக் கிடக்கும் பரப்பில் கால் வைக்கவே கூடாது. மேலே பொருக்கு, அடியில் புதைசேறு. அனுமதி கிடைக்காவிட்டால் பொதுவழியில் நின்று தெரிகிற அளவைப் பாருங்கள், அதுவும் கணக்குத்தான்.

வெளிச்சரிவின் அடியிலிருந்து தொடங்குங்கள். கோடையில் சுற்றிலும் காய்ந்திருக்க, சரிவில் ஓர் இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால் அங்கே நீர் வெளியே வரப் பார்க்கிறது. அடிப்பகுதி வீங்கிப் புடைத்திருக்கிறதா? நட்ட மரமோ கம்பமோ சாய்ந்திருக்கிறதா? முகட்டில், கரையின் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு உண்டா? குறுக்கு வெடிப்பும் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் நீளவாக்கு வெடிப்பு சரிவு நழுவத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். எலி வளை, மழைநீர் அரித்த ஓடை எதையும் விடாதீர்கள்.

கசிவு இருந்தால் பதற வேண்டாம். மண்கரை என்றால் கசியும். பார்க்க வேண்டியது இரண்டு: அளவு கூடுகிறதா, நீர் கலங்குகிறதா. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கசிவு நீரை நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதிய சீட்டை ஒட்டி, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் பாட்டிலின் அடியில் வண்டல் படிந்திருந்தால், கரையின் உள்மண்ணைத் தண்ணீர் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அன்றே புகார் எழுத வேண்டிய விஷயம் அது. தெளிவாக இருந்தால், ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே வாளி, அதே இடம். முந்தைய இரண்டு நாள் மழையையும் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் 'மழைத் தண்ணீர்தான்' என்ற ஒரே வாக்கியத்தில் உங்கள் நோட்டை மடக்கிவிடுவார்கள்.

குளத்தின் தண்ணீர் எங்கே நிற்கிறது?

தண்ணீர் கரையை விட்டுத் தள்ளி, நடுவில் நிற்க வேண்டும். கரையைத் தொட்டுக்கொண்டு நின்றால் கெட்ட செய்தி. தென்னாப்பிரிக்காவின் மெரீஸ்புருய்ட்டில் 1994 பிப்ரவரியில் மழை இரவு ஒன்றில் அணை உடைந்து 17 பேர் இறந்தார்கள். குளம் இடம் மாறிக் கரைப்பக்கமாக ஒதுங்கியிருந்தது பழைய செயற்கைக்கோள் படங்களைப் பிறகு பார்த்தபோது தெரிந்தது. இப்போது ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசம், ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒன்று. ஊரில் செல்போன் பார்க்கும் பிள்ளை ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடலாம். மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும் என்பதுதான் தொல்லை.

கண்ணுக்குத் தெரியாதது

புருமாதினியோ அணை உடையும் முன் வெளியே எந்த அறிகுறியும் காட்டவில்லை என்றது ஆராய்ந்த நிபுணர் குழு. அதில் கழிவு கொட்டுவதையே 2016-ல் நிறுத்திவிட்டார்கள். 2018-ல் நிலைத்தன்மைச் சான்றிதழும் வாங்கியாயிற்று. ஆனால் கரையின் உடலுக்குள் நீர்மட்டம் உயரத்திலேயே இருந்தது. அதைக் காட்டும் கருவி பீசோமீட்டர், கரைக்குள் இறக்கிய குழாய். ஆகவே கேளுங்கள்: எத்தனை பீசோமீட்டர், எத்தனை வேலை செய்கின்றன, கடந்த ஓராண்டு அளவுகள் என்ன, எந்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்துவீர்கள், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? படித்துக் கையெழுத்துப் போடும் பொறியாளர் நிறுவனத்தின் சம்பளக்காரரா, வெளியாளா? கழிவணைகளுக்காக 2020-ல் வந்த உலகத் தரவிதிகள், நிறுவனத்தைச் சாராத நிபுணர்களின் மறுஆய்வையும் தகவல்களை வெளியிடுவதையும் வலியுறுத்துகின்றன. நிறுவனம் அவற்றை ஏற்றிருக்கிறதா என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்.

ஓடும் வழி

புருமாதினியோவில் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கவில்லை. ஊழியர்களின் சாப்பாட்டுக் கூடம் அணைக்கு நேர் கீழே, மதிய நேரம். அதனால் சங்கை மட்டும் நம்பாதீர்கள். சேறு ஓடிவரும் பாதையின் வரைபடத்தை வாங்கி, எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் வரும் என்று கேளுங்கள். பள்ளத்தாக்கு வழியே கீழ்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேடேற வேண்டும். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, முதியவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். பட்டி வேலியைத் திறந்துவிடுவது யார் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். மாட்டுக்காகத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

மனு

'அணையால் ஊருக்கு ஆபத்து' என்று எழுதினால் கோப்பில் தூங்கும். 'தெற்குச் சரிவின் அடியில் இந்தத் தேதியில் வாளி நிரம்ப 40 நொடி ஆனது, இந்தத் தேதியில் 15 நொடி, இடையில் மழை இல்லை' என்று எழுதினால் யாராவது வந்து பார்த்தே ஆக வேண்டும். ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களை இணைத்து ஆட்சியருக்குக் கொடுங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரும் அவர்தான். நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாகவும் போட்டு வையுங்கள். சுரங்கத்தை மூடிய பிறகும் இந்த நோட்டு நடக்க வேண்டும். வடிகாலைத் தூர்வாரவும் பீசோமீட்டர் படிக்கவும் பணம் யார் கொடுப்பார், எத்தனை ஆண்டு கொடுப்பார் என்பதை மூடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.