வர்ணம் பூசுமுன் மோட்டார் வண்டித் தகட்டை ஆயத்தம் செய்தல்

மோட்டார் வண்டியின் கதவோ மட்கார்டோ நசுங்கியபின் அதனைத் தட்டி நிமிர்த்தி வர்ணம் பூசுகின்றனர். ஆறு திங்கள் கழியுமுன்பே அவ்விடத்தில் வர்ணம் கொப்புளித்து உரிவதைப் பலர் கண்டிருப்பர். வர்ணம் போலியானது என்று உரிமையாளர் குறைகூறுவார். கடைக்காரரும் அதனை ஒப்புக்கொள்வார். ஆனால் அவ்வாறு உரிந்த தோலைப் புரட்டிப் பார்த்தால், அதன் அடிப்பக்கத்தில் துருத்தூளோ எண்ணெய்ப் பசையோ பெரும்பாலும் ஒட்டியிருக்கும். தகட்டை ஆயத்தம் செய்யும் முறையும் அதன் காரணங்களும், தொழிற்பயிற்சி நிலையங்களின் ஆசிரியர்களுக்கும் பட்டறைகளைப் பார்வையிடும் களப்பணியாளர்களுக்கும் பயன்படுமாறு இங்குக் கூறப்படுகின்றன.

தொழிற்சாலைப் பூச்சும் பட்டறைப் பூச்சும்

தொழிற்சாலையில் வண்டியின் உடல் வெறுங்கூடாக இருக்கும்போதே காரக் கரைசலில் கழுவப்பட்டு, பெரும்பாலும் பாஸ்பேட் கரைசலில் தோய்க்கப்படுகிறது. இரும்பின்மீது பாஸ்பேட் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கும் முறைக்குத் தாமஸ் காஸ்லெட் என்பவர் 1906ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதன்பின் மின்னோட்டத்தின் துணையால் ஏறத்தாழ 20 மைக்ரான் கனமுள்ள பிரைமர் படியவைக்கப்பட்டு, 170 முதல் 180 டிகிரி சென்டிகிரேடு வரையான வெப்பத்தில் சுடப்படுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பட்டறைக்கு வரும் வண்டியில் மெத்தையும் ரப்பரும் மின்கம்பியும் எரிபொருள் தொட்டியும் உள்ளன. அதனைத் தொட்டியில் தோய்க்கவும் இயலாது, அவ்வெப்பத்தில் சுடவும் இயலாது. ஆதலின் தொழிற்சாலைப் பூச்சு எங்கெங்கு உறுதியாக நிற்கிறதோ, அங்கெல்லாம் அதனை அழியாது காத்தல் வேண்டும். வண்டி முழுவதையும் வெள்ளைத் தகடு தெரியச் சுரண்டுவது நேர்மையான உழைப்புக்கு அடையாளமென்று சில பட்டறைகளில் கருதப்படுகிறது. நாகமுலாம் பூசிய தகடாயின் இவ்வுழைப்பு கேடாகவும் முடியும். துருவுக்கு முதற் காவலாக நிற்கும் துத்தநாகம் உப்புத்தாளோடு போய்விடும்.

பழம்பூச்சு நம்பத் தக்கதா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை அதன்மேல் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்தால் வர்ணம் கரைந்து துணியில் இறங்கலாம். அவ்வாறாயின் அது லாக்கர் வகையோ நன்கு இறுகாத பூச்சோ ஆகும். அதன்மேல் வலுவான தின்னர் கலந்த புதிய பூச்சு விழுந்தால் அடிப்பூச்சு சுருங்கிக் குமிழும். அத்தகையதை மட்டுமே முற்றிலும் நீக்குதல் வேண்டும்.

கழுவுதல் முதலில், தேய்த்தல் பின்னர்

இவ்வரிசையை மாற்றுவதே பட்டறைகளில் மிகுதியாகக் காணும் பிழை. வண்டியின்மேல் மெழுகும், பளபளப்புக்காகத் தடவும் சிலிகோன் எண்ணெயும், சாலைப் புகையின் பிசுக்கும் படிந்துள்ளன. கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாளின் ஒவ்வொரு மணியும் அவ்வெண்ணெயைத் தான் கீறும் பள்ளத்துள் அழுத்திவிடும். பின்னர்த் துடைத்தாலும் அது எளிதில் வெளிவராது. வர்ணம் தெளிக்கும்போது அவ்விடத்தில் மீன்கண் போன்ற குழிகள் தோன்றும். சிலிகோன் எண்ணெயின் பரப்பிழுவிசை வர்ணத்தினும் குறைவாதலால் வர்ணம் அதன்மேல் பரவாது ஒதுங்கிக்கொள்வதே இதற்குக் காரணம்.

முதலில் சோப்பு நீரால் கழுவி உலரவிடுக. பின்னர் மெழுகு நீக்கும் கரைப்பானைக் கொண்டு துடைக்க வேண்டும். இதற்கு இரண்டு துணிகள் தேவை. ஒன்று கரைப்பானில் நனைந்தது, மற்றொன்று உலர்ந்தது. நனைந்த துணி எண்ணெயைக் கரைத்த உடனே, ஈரம் உலருமுன், மற்றத் துணியால் அதனை எடுத்துவிட வேண்டும். உலரவிட்டால் கரைப்பான் மட்டும் ஆவியாகி எண்ணெய் இருந்தவிடத்திலேயே மீண்டும் படியும். மண்ணெண்ணெய் இதற்கு ஏற்றதன்று. அது தானே பசையை விட்டுச்செல்லும். பெட்ரோலைப் பயன்படுத்துவதோ தீயை அழைப்பதாகும்.

தகடு தூய்மையாயிற்றா என்பதை நீரே சொல்லும். தூய தகட்டின்மேல் ஊற்றிய நீர் அறுபடாத படலமாக நிற்கும். அது முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் உளது என்று அறிக.

துருவும் பட்டியும்

துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு பருமன் உடையது. ஆதலால்தான் அது பூச்சை அடியிலிருந்து தள்ளி உயர்த்துகிறது. மேலே தெரியும் செம்மையைத் தேய்த்துவிட்டுக் குழிகளில் கரும்புள்ளிகளை விட்டுவைப்பது பயனற்றது. குழித் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் உதவும். ஆனால் தயாரிப்பாளர் கூறியவாறு அதனைக் கழுவி நீக்கி, தகட்டை உடனே உலர்த்த வேண்டும். ஊசி நுழையுமளவு ஓட்டை விழுந்த தகட்டுக்கு மருந்து இல்லை. அப்பகுதியை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவைக்க வேண்டும். வண்டியின் பாரம் தாங்கும் பகுதிகளில் ஓட்டையைப் பட்டியால் மூடி வர்ணம் பூசுவது, மோதலின்போது உள்ளிருப்போரின் உயிரைப் பணயம் வைப்பதாகும். 'பட்டி டிங்கரிங் பார்த்தல்' என்னும் பேச்சுவழக்கு ஏளனப் பொருள் பெற்றது இத்தகைய வேலையாலேயே போலும்.

பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினோடு மாக்கல் தூள் போன்றவற்றைக் கலந்தது. அதனை இறுகச்செய்யும் ஹார்டனர் வழக்கமாக 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவே போதும். விரைந்து இறுகட்டும் என்று மிகுதியாகச் சேர்த்தால், எஞ்சிய பெராக்சைடு மேற்பூச்சு வரை ஏறிக் கறையாகத் தோன்றும். குறைத்தாலோ அடிப்பாகம் மென்மையாகவே நின்றுவிடும். டிங்கர் சுத்தியல் தன் வேலையை முடித்தபின் எஞ்சும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பள்ளத்துக்கே பட்டி உரியது. அதனை நீர்விட்டுத் தேய்த்தல் கூடாது. மாக்கல் தூள் கலந்த அப்பட்டி நீரை உறிஞ்சி வைத்திருந்து, வெயிலில் அந்நீர் ஆவியாகுங்கால் கொப்புளம் எழுப்பும்.

உப்புத்தாளின் எண்கள்

எண் உயர உயர மணி நுண்மையாகும். 80 எண் தாளின் மணி ஏறத்தாழ 200 மைக்ரான். 180 எண்ணில் 80. 400 எண்ணில் 35. பட்டியை 80-இல் தொடங்கி 180-க்கும், பின்னர் 240 அல்லது 320-க்கும் கொண்டுசென்று பிரைமர் இடலாம். பிரைமரை 400 முதல் 600 வரையான தாளால் மெருகேற்றி மேல்வர்ணம் பூசுவர். 80-இலிருந்து ஒரே தாவலில் 400-க்குச் செல்வது வீண். பெருங்கீறல் மறைந்ததுபோல் தோன்றினும் பள்ளம் அங்கேயே உளது. பிரைமர் உலர்ந்து சுருங்கும்போது அது மீண்டும் கண்ணுக்குப் புலப்படும். பழம்பூச்சின் ஓரத்தையும் படிபோல் விடாது, விரலுக்கு மேடு தட்டுப்படாதவாறு சரித்துத் தேய்க்க வேண்டும்.

பம்பர் போன்ற பிளாஸ்டிக் உறுப்புகளுக்கு இம்முறை மட்டும் போதாது. பாலிப்ரொபைலீனில் எப்பூச்சும் எளிதில் ஒட்டாது. அதற்கென உள்ள ஒட்டூக்கிப் பூச்சை மெல்லியதாக முதலில் தெளிக்க வேண்டும்.

மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்றுள்ள நகரங்களில் மழைக்காலத்தில், காலையில் தேய்த்த வெறுந்தகடு மாலைக்குள் செம்மை படர்ந்துவிடும். தேய்த்த அன்றே எபாக்ஸி பிரைமர் இடுதல் நலம். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் நீரை நாள்தோறும் திறந்துவிடாவிடில் அது காற்றோடு கலந்து தகட்டின்மேல் விழும்.

தேய்ப்பவரின் நலத்தைப் பற்றி ஒரு சொல். பழைய வண்டிகளின் பூச்சில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என வரையறுத்த 2016ஆம் ஆண்டு விதி, வீட்டு வர்ணங்களையும் அலங்கார வர்ணங்களையும் பற்றியது. ஹார்டனர் கலக்கும் பிரைமர்களுள் பலவற்றிலுள்ள ஐசோசயனேட்டு ஆஸ்துமாவை உண்டாக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இவ்விரண்டையும் தடுக்காது. தூளுக்கும் ஆவிக்கும் உரிய வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். தெளிக்கும் அறைக்கோ வெளியிலிருந்து தூய காற்றூட்டும் முகமூடியே சிறந்தது. பயிற்சி மாணவர்க்கு இதனைச் சுத்தியலுக்கு முன்பே அறிமுகம் செய்க.

வகுப்பில் செய்யத்தக்க சோதனை

உள்ளங்கை அகலமுள்ள நான்கு இரும்புத் தகடுகள் எடுத்துக்கொள்க. எல்லாவற்றிலும் ஒரு துளி எண்ணெயைத் தடவித் துடைக்கவும். முதல் தகட்டை அப்படியே விடுக. இரண்டாவதைக் கழுவாமல் தேய்க்க. மூன்றாவதைக் கழுவித் தேய்க்காது விடுக. நான்காவதைக் கழுவித் தேய்த்து மீண்டும் கரைப்பானால் துடைக்க. நான்கிலும் ஒரே பிரைமரும் ஒரே வர்ணமும் பூசி ஒரு வாரம் இறுகவிடுக. பின்னர்க் கூரிய கத்தியால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நெடுக்கே ஆறு கோடும் குறுக்கே ஆறு கோடும் தகடு தெரியக் கீறினால் 25 கட்டங்கள் அமையும். அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்து, ஒவ்வொரு தகட்டிலும் பெயர்ந்த கட்டங்களை மாணவர்களே எண்ணிப் பலகையில் எழுதட்டும். தகடுகளின் மற்றொரு பகுதியில் பெருக்கற்குறி கீறி, லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கலந்த நீரை நாள்தோறும் தெளித்துவந்தால், கீறலிலிருந்து துரு பூச்சின் அடியில் எவ்வளவு தொலைவு பரவிற்று என்பதையும் அளவுகோலால் அளக்கலாம்.