வாரத்துக்கு ஒரே நாள்: முடக்குவாத மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

போடிநாயக்கனூரில் இருந்து விடியற்காலையில் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளில் பெண்கள்தான் அதிகம். ஏலக்காய் எடுப்பது விரல் வேலை. தூரில் தரையோடு கிடக்கும் சரத்தில், விளைந்த காயை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். முடக்குவாதம் பெரும்பாலும் முதலில் பிடிப்பதும் விரல்களைத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

ஊரில் இதைச் சரவாங்கி என்பார்கள். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது. கிருமியோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, நம் மூட்டுகளையே தாக்குவதால் வரும் நோய் இது. அந்தச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தான் மருந்து. பெரும்பாலும் டாக்டர் முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்சேட்.

இந்த மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். சுகர், பிரஷர் மாத்திரைகளைத் தினமும் போட்டுப் பழகிய கை, இதையும் தினமும் எடுத்துவிடுகிறது. தொடர்ந்து சில நாள் அப்படிச் சாப்பிட்டாலே வாய் முழுக்கப் புண் வரும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது குறையும். உயிருக்கே ஆபத்தாகலாம். தெரியாமல் அப்படிச் சாப்பிட்டிருந்தால், புண் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஃபோலினிக் அமிலம் என்ற மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பக்கவிளைவு குறைய, கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். மெத்தோட்ரெக்சேட் 'ஃபோலிட்ராக்ஸ்' என்ற பெயரிலும், ஃபோலிக் அமிலம் 'ஃபோல்வைட்' என்ற பெயரிலும் கடையில் கிடைக்கின்றன. இரண்டும் 'ஃபோல்' என்றே தொடங்குவதால் மாறிப்போக வாய்ப்பு அதிகம். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். (ஒரு தகவல்: சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ், அமெரிக்காவில் வழிநடத்திய ஆய்வுக் குழுவில்தான் இந்த இரண்டு மருந்துகளின் வரலாறும் சந்திக்கிறது. ஒன்று மற்றொன்றின் வேலையைத் தடுக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள்.)

எந்தக் கிழமை என்று டாக்டரிடமே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சாப்பிட்ட மறுநாள் சிலருக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். ஞாயிறு லீவு என்றால் சனிக்கிழமை இரவு வசதி. போனில் வாரம் ஒரு முறை அலாரம் வையுங்கள். ஒரு வாரம் மறந்துபோனால் அடுத்த வாரம் இரண்டு மடங்கு போடக் கூடாது. சம்பள நாள் சனிக்கிழமை என்றால் ஆண்களுக்கு ஒரு வார்த்தை: சாராயமும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் மூன்று மாதம் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பார்ப்பது வழக்கம். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். கல்லீரல் பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது, ரத்தத்தில்தான் தெரியும். போடி அரசு மருத்துவமனையிலும், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேளுங்கள்.

மலையில் மழைக்காலம் என்றால் அட்டைக்கடி, கீறல், சளி, காய்ச்சல் சகஜம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு அது சகஜமில்லை. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஜீப் ஏறாமல், அன்றே டாக்டரைப் பாருங்கள், அந்த வார மாத்திரை போடலாமா என்றும் கேளுங்கள். வறட்டு இருமலோடு மூச்சுத் திணறினாலும் அப்படியே. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம், காசநோய் தலைதூக்கலாம். எந்தக் கடையிலும் மருந்து வாங்கும்போது மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். செப்ட்ரான் போன்ற கோட்ரைமாக்சசோல் மாத்திரை இதோடு சேரவே கூடாது.

கர்ப்பிணிகள் இதைத் தொடக் கூடாது, கருவைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் படித்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் மூட்டு தேய்ந்து விரல் கோணிப்போகும், அது திரும்பாது. "ஒரே வாரத்துல வலி போயிரும்" என்று விற்கும் பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் 104க்கும், அவசரம் என்றால் 108க்கும் அழையுங்கள். மருந்தால் பக்கவிளைவு வந்ததாக நினைத்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024ல் நீங்களே புகார் பதியலாம். மாத்திரை அட்டையின் படத்தையும் சாப்பிட்ட தேதிகளையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.