முப்பத்து நான்கில் எத்தனை பத்து?

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நூறு வரை மளமளவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் 34-இல் எத்தனை பத்து என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். என்ன செய்வது?

பதில்: திட்டாதீர்கள் அம்மா. ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. எண்களைக் கூட்டமாகப் பார்க்க அவள் கண் பழகவேண்டும். பல்லாங்குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளுகிறோமே, ஒவ்வொன்றாகவா எண்ணுகிறோம்? பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

பிறகு 34 ஈர்க்குச்சிகளைக் கொடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு அவளே கட்டட்டும். மூன்று கட்டு, நான்கு உதிரி. உடனே ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். பத்துக் குச்சியும் அப்படியே இருக்கும். ஒரு கட்டுதான், ஆனால் பத்து. இதைப் புரிந்துகொள்ளத்தான் குழந்தைகளுக்கு நாளாகும். கட்டுவதும் பிரிப்பதும் அவள் கையாலேயே பலமுறை நடக்கவேண்டும்.

நம் மொழியும் துணைக்கு வரும்: இருபது என்றால் இரு பத்து, நாற்பது என்றால் நான்கு பத்து. தொண்ணூறு மட்டும் இதில் அடங்காது; அதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.

தினம் பத்து நிமிடம் போதும். கட்டிப் பழகும்வரை நோட்டில் எழுதச் சொல்லாதீர்கள்.