பழைய ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர் மாற்றுகிறீர்களா?

எழுபதுகளின் ரேடியோ, எண்பதுகளின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், கேசட் போடும் டூ-இன்-ஒன் என்று பரணில் கிடப்பவற்றைப் பார்த்துத் தர இப்போது ஆள் கிடைப்பது கஷ்டம். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் பிடிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே இறங்கிவிடுகிறார்கள். மேலே அச்சடித்த நம்பரைப் பார்த்து அதையே வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தில்தான் பல புது டிரான்சிஸ்டர்கள் ஒரு நொடியில் எரிகின்றன. இறங்குமுன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. சந்தேகப் பட்டியலில் டிரான்சிஸ்டருக்குக் கடைசி இடம் கொடுங்கள். முப்பது, நாற்பது வருடப் பெட்டியில் முதலில் கெடுவது எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர், வால்யூம் கன்ட்ரோல், ஸ்விட்ச், ரிலே ஆகியவைதான். வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அது கன்ட்ரோலின் அழுக்கு. வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் பொரிவது போன்ற சத்தம் நிற்கவில்லை என்றால், குறை வால்யூம் கன்ட்ரோலுக்கு அப்பால் இருக்கிறது என்று பொருள். அங்கே இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர்களைப் பாருங்கள். ஹிட்டாச்சியின் 2எஸ்சி458 இப்படிப் பொரிவதில் பெயர் வாங்கியது. அதன் கால்கள் கறுத்திருந்தால் யோசிக்காமல் மாற்றலாம்.

2. பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிடியில் வைத்து, சில விநாடிகள் குறுக்கே தொட்டு இறக்குங்கள். ஸ்குரூ டிரைவரால் 'பட்'டென்று ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். இறக்கிய பிறகு வோல்டேஜை அளந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

3. மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துச் சோதியுங்கள். நல்ல சிலிக்கான் டிரான்சிஸ்டரில் பேஸிலிருந்து எமிட்டருக்கும் கலெக்டருக்கும் ஒரு திசையில் மட்டும் 0.5 முதல் 0.7 வரை காட்டும். ஜெர்மானியம் என்றால் 0.15 முதல் 0.3. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். போர்டில் இருக்கும்போது பக்கத்து ரெசிஸ்டர்கள் அளவைக் குழப்பும் என்பதால், சந்தேகம் வந்தால் கழற்றிப் பாருங்கள்.

4. ஏன் போனது என்று தெரியாமல் புதிதை மாட்டாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அது தனியாகப் போவது அபூர்வம். ஜோடியாக இருப்பது, இரண்டையும் ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டர்கள், 0.22 அல்லது 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்கள், பயாஸ் டையோடுகள் என்று ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். சின்ன ஓம் அளக்கும்போது மீட்டரின் வயரே ஓமில் பத்தில் சில பங்கு காட்டும்; இரு முனைகளையும் ஒட்டிவைத்து வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டுவிட்டாலும் புதிதாகப் போட்டது ஸ்விட்ச் போட்ட நொடியில் போய்விடும்.

5. கால் வரிசையைப் பாருங்கள். தட்டையான பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். ஜப்பான் பெட்டிகளில் நிறைந்திருக்கும் சி945, சி1815 இரண்டுக்கும் எமிட்டர், கலெக்டர், பேஸ். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். நான்கும் பார்வைக்கு ஒரே கறுப்புப் பொத்தான். 'எல்லாம் ஒண்ணுதான் சார், போடுங்க' என்று கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். எஸ்எல்100 போன்ற உலோகத் தொப்பியில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன நாக்கு எமிட்டரைக் காட்டும், தொப்பியே கலெக்டர்.

6. ஜப்பான் டிரான்சிஸ்டர்களின் மேல் '2எஸ்' என்ற முன்னொட்டைப் பெரும்பாலும் அச்சடிப்பதில்லை. சி1815 என்று இருந்தால் அது 2எஸ்சி1815. ஏ, பி வரிசை பிஎன்பி. சி, டி வரிசை என்பிஎன். கடைசியில் நிற்கும் எழுத்தையும் கவனியுங்கள், அது பெருக்கத்தின் அளவு. சி1815-இல் 'ஓ' என்றால் 70 முதல் 140, 'ஒய்' 120 முதல் 240, 'ஜிஆர்' 200 முதல் 400. முன்பகுதியில் இரட்டையாக நிற்கும் டிரான்சிஸ்டர்களை மாற்றினால் பத்துப் பதினைந்து வாங்கி, மீட்டரின் எச்எஃப்இ துளையில் அளந்து, நெருங்கிய இரண்டை எடுத்துப் போடுங்கள். விலை சில ரூபாய்தான்.

7. பழைய ரேடியோவில் ஏசி127, ஏசி128, ஏசி187, ஏசி188 என்று இருந்தால் அவை ஜெர்மானியம். இவை 0.2 வோல்ட் அளவிலேயே விழித்துக்கொள்ளும், சிலிக்கானுக்கு 0.6 வேண்டும். பயாஸை மாற்றாமல் சிலிக்கானைப் போட்டால் சத்தம் குறைவாக வைக்கும்போது பாட்டு உடைந்து உடைந்து கேட்கும். ஆகவே ஜெர்மானியத்துக்கு ஜெர்மானியமே தேடுங்கள். பெங்களூரு பெல் நிறுவனம் தயாரித்த பழைய சரக்கு இன்னும் சில கடைகளில் தட்டுப்படுகிறது. ஏஎஃப்117 விஷயம் வேறு. நான்கு கால் உள்ள இந்த டிரான்சிஸ்டரின் உலோக உறைக்குள் காலப்போக்கில் மயிரிழை போல வெள்ளீய முடிகள் வளர்ந்து கால்களை உறையோடு ஷார்ட் செய்துவிடும். ரேடியோ ஊமையாகக் கிடந்தால், உறையோடு சேர்ந்த நான்காவது காலை மட்டும் வெட்டிப் பாருங்கள். பல ரேடியோக்கள் அதிலேயே பேசத் தொடங்கும். வேறொரு டிரான்சிஸ்டரைத் தேடி அலைவதற்கு முன் இந்தச் சிக்கன வைத்தியத்தைச் செய்துவிடலாம்.

8. 2என்3055 எங்கும் கிடைக்கும். ஆனால் அந்தக் காலத்து 3055 நிதானமானது. பிறகு தயாரிப்பு முறை மாறி வேகம் கூடிவிட்டது. பழைய சர்க்யூட்டில் புதிதைப் போட்டதும் பாட்டே இல்லாமல் ஹீட் சிங்க் கொதித்தால், காதுக்கு எட்டாத உயரத்தில் ஆம்ப்ளிஃபயர் ஊளையிடுகிறது என்று சந்தேகப்படுங்கள். ஸ்பீக்கர் வெளியீட்டில் பூமிக்குப் போகும் 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை.

9. போலிகள் ஏராளம். தயாரிப்பு நின்று பல காலமான ஜப்பான் பவர் டிரான்சிஸ்டர், பளபளப்பான புது அச்சுடன் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியில்தான் ஏமாற்று அதிகம். உள்ளே சின்ன சிலிக்கான் துண்டை வைத்துப் பெரிய நம்பரை அச்சடித்து விடுகிறார்கள்; சும்மா இருக்கும்போது மீட்டரில் நன்றாகவே காட்டும், ஓட விட்டால் வெடிக்கும். சென்னை ரிச்சி தெருவில் பழைய போர்டிலிருந்து கழற்றிய அசலைக் கேட்டு வாங்குவது, புதுப் பொட்டலத்தை நம்புவதை விட மேல்.

10. பவர் டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மைக்காத் தகடு இருந்தால் கிழியாமல் எடுத்து, இருபுறமும் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். அதிகம் தடவினால் சூடு இறங்காது. முடுக்கிய பிறகு கலெக்டருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டர் 'பீப்' அடிக்கக் கூடாது. சில வெளிநாட்டுச் சாதனங்களில் வெள்ளைப் பீங்கான் தகடு இருக்கும். அது பெரிலியம் ஆக்ஸைடாக இருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

11. 25 வாட் அயர்ன் போதும். ஜெர்மானியத்தின் காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டு பற்றவையுங்கள். சூட்டைப் பிளையர் வாங்கிக்கொள்ளும்.

12. முதல் முறை சுவிட்ச் போடும்போது சீரிஸ் லேம்ப் இல்லாமல் போடாதீர்கள். 60 வாட் குண்டு பல்பைக் கரண்ட் வரும் வழியில் தொடராக இணைக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்துங்கள். ஒரு பல்பின் விலையில் ஒரு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர் பிழைக்கும்.

13. அதன்பிறகுதான் பயாஸ். பழைய டிரிம்மரின் தொடுமுனை விட்டுவிட்டால் கரண்ட் கட்டுக்கடங்காமல் ஏறக்கூடும். அதைப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மில்லிவோல்ட் அளந்து சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். 0.47 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 21 மில்லியாம்பியர். கால் மணி நேரம் சூடேறிய பிறகு மறுபடி சரிபாருங்கள். ஹீட் சிங்கில் ஒட்டியிருந்த பயாஸ் டையோடு அல்லது டிரான்சிஸ்டரைப் பழைய இடத்திலேயே ஒட்ட மறக்காதீர்கள். சூட்டைப் பார்த்துக் கரண்டைக் குறைப்பது அதுதான்.

14. ஸ்பீக்கரைக் கடைசியில் மாட்டுங்கள். அதற்குமுன் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜை அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. சில வோல்ட் நின்றால் ஸ்பீக்கரின் காயில் கருகிவிடும். வெளியீட்டில் பெரிய கெபாசிட்டர் உள்ள பழைய மாதிரி என்றால், அந்தக் கெபாசிட்டருக்கு முன்னால் சப்ளையில் சரிபாதி இருக்க வேண்டும். 9 வோல்ட் ரேடியோவில் அது 4.5.

15. எதை மாற்றினீர்கள், எந்த நம்பருக்கு எந்த நம்பர், பயாஸ் எவ்வளவு, எப்போது செய்தீர்கள் என ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கழற்றிய அசல் டிரான்சிஸ்டர்களைத் தூக்கி எறியாமல் ஒரு சின்ன உறையில் போட்டு அதனோடு வையுங்கள். பின்னால் நம்பரும் கால் வரிசையும் ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவைப்படும்.