திசைகாட்டி ஏன் அசையவில்லை?

கேள்வி: மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்கிறார்கள். மின்விசிறி ஒயர் அருகே திசைகாட்டியை வைத்தேன். முள் அசையவே இல்லையே?

பதில்: புலம் உண்டாவது உண்மைதான். 1820-இல் கோபன்ஹேகனில் ஏர்ஸ்டெட் என்ற இயற்பியலாளர் பாட்டரியோடு கம்பியை இணைத்ததும், பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியது. ஆனால் உங்கள் ஒயருக்குள் இரண்டு கம்பிகள். ஒன்றில் மின்னோட்டம் போகும்போது மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டின் புலங்களும் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. தவிர, வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. முள்ளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

ஒற்றைக் கம்பியை வடக்கு-தெற்காகப் பிடித்து, டார்ச் பாட்டரியின் இரு முனைகளையும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். அதற்கு மேல் போனால் கம்பி சூடாகிவிடும். கம்பி முள்ளுக்கு மேலே இருந்தால் முள் ஒரு பக்கம் திரும்பும், கீழே இருந்தால் எதிர்ப்பக்கம். புலம் கம்பியை வட்டமாகச் சூழ்ந்திருப்பதை இதைவிட அழகாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.